எது சரியில்லை?

போன வாரம் சின்னவர் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டு, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தது உங்களுக்கு நினைவிருக்கும். "ஆபீஸ் விஷயமா? அப்போ வீட்டுல வேண்டாம். செஷன்ல பேசுங்க" என்று அவர் மனைவி ஒரே போடாகப் போட்டதும் நினைவிருக்கும். மனிதர் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டார். என்னதான் சொல்ல வந்தார் என்று எழுதிக் கேட்டவர்கள், இந்த வாரம் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் குடும்பம் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி நடத்துகிறது. அண்ணன் தலைவர், எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. தம்பி, அதாவது 'சின்னவர்', சர்வீஸ் பிரிவைப் பார்க்கிறார். சின்னவரின் மனைவி கம்பெனிகளுக்கு கோச்சிங் கொடுப்பவள்; பெரியவரை 'மாமா' என்று கூப்பிடுவாள். ஊர்ப்பட்ட கம்பெனிகளுக்குச் செய்தவளை, சொந்தக் கம்பெனிக்கும் செய் என்று பெரியவர் இரண்டு மாதம் முன்பு கேட்டார். ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் கோச்சம்மா.

"உன் வீட்டுக் கம்பெனிக்கு நீ போகாதே. அங்க நீ வெளியே நின்னு பார்க்க முடியாது. நீயும் உள்ளதான் நிப்பே" என்று அவளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த அம்மாள் அன்றே தலையில் அடித்துக்கொண்டார். கோச்சம்மா கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். ஆபீஸ் பேச்சு வீட்டுக்குள் வரக்கூடாது. அந்தச் சட்டத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்தது. மாமனார் போட்டது. யார் குறை சொல்கிறார்களோ, அவர்களேதான் அதைச் சரி செய்ய வேண்டும். நல்ல எண்ணத்தில் போட்டதுதான். உட்கார்ந்த இடத்தில் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது என்று. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் போகவில்லை. வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ஒழுகுகிறது என்று வாய் திறந்தவர் பிளம்பரைத் தேடிப் பிடித்து, அவன் பக்கத்தில் நின்று, தரையையும் துடைக்க வேண்டும். ஆகவே குளிக்கப் போகிற ஒவ்வொருவரும் வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வெளியே வருவார்கள்.

கம்பெனியிலும் அதே கதைதான். ஒரு லிஃப்ட்டில் கோளாறு என்று சொல்கிற மெக்கானிக், தன் வழக்கமான வேலையோடு அதையும் சுமக்க வேண்டும். கட்டடக்காரரிடம் வசவும் அவர்தான் வாங்க வேண்டும். தினமும் காலையில் பெரியவர் எல்லோரையும் நிற்கவைத்து, "எல்லாம் சரியா?" என்பார். "சரி சார்" என்று ஒரே ராகத்தில் பதில் வரும். அவர் திருப்தியாகத் தலையாட்டுவார்.

கோச்சம்மாவுக்குத் தனி ஆளைத் திருத்துவதில் நம்பிக்கை கிடையாது. ஒருவன் பேசாமல் இருந்தால், அவனை எப்படிப் பேசவைப்பது என்று அவள் யோசிக்க மாட்டாள். அவன் பேசினால் இந்த இடத்தில் அடுத்தது என்ன நடக்கும், அதற்கடுத்தது என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒரு கம்பெனியில் ஒன்றைத் தொட்டால் எங்கேயோ இன்னொன்று அசையும். அசைவது எது என்று பார்க்காமல் எதையும் தொடாதீர்கள் என்பது அவள் எங்கே போனாலும் சொல்கிற பாடம்.

இன்று அந்தப் பாடத்தை அவளே மறந்தாள்.

மீட்டிங் ரூமில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை. 'தலைமை', 'சர்வீஸ்', 'ஆபீஸ்', 'கட்டடக்காரர்'. கடைசி நாற்காலியில் 'லிஃப்ட்டில் போகிறவர்'.

"அவரவர் நாற்காலியில உக்காரக் கூடாது. வேற ஒண்ணுல உக்காந்து, அங்கிருந்து பார்த்தா கம்பெனி எப்படித் தெரியுதுன்னு சொல்லணும்."

பெரியவர் 'சர்வீஸ்' நாற்காலியில் உட்கார்ந்து, "இங்கிருந்து பார்த்தா முதலாளி ரொம்ப நல்லவரா தெரியறாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு. சின்னவர் மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஸ்பானரின் முறை. கம்பெனியில் மிகப் பழைய மெக்கானிக். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

"நீங்க 'லிஃப்ட்டில் போகிறவர்' நாற்காலியில உக்காருங்க."

ஸ்பானர் நாற்காலி வரைக்கும் வந்தார். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு இது வேண்டாம் கோச்சம்மா."

"சும்மா ஒரு பயிற்சிதானே?"

"வேண்டாம்னா விட்டுடுங்க."

அவர் பிடியில் நாற்காலியின் கால்கள் தரையில் கடகடவென்று அடித்துக்கொண்டன. கோச்சம்மா எழுந்தாள். "பத்து நிமிஷம் பிரேக்" என்று சொல்லிவிட்டு, ஸ்பானரைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"என்னாச்சு?"

"இங்க பேசறது வெளிய போகாதுன்னு சொன்னீங்களே..."

"போகாது. சொல்லுங்க."

"ஒரு இடத்துல லிஃப்ட் பிரேக் நழுவுது. பெட்டி வந்து நின்ன பிறகும் மெல்ல நகருது. சக்கரத்தை அழுத்திப் பிடிக்கற பிரேக் லைனிங்ல எண்ணெய் ஏறிப்போச்சு. போன வாரமே பார்த்துட்டேன்."

"ரிப்போர்ட்ல?"

"சரின்னுதான் போட்டிருக்கு. எல்லாத்துக்கும் அதானே போடறோம்?" அவர் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "சின்னவர்கிட்ட சொன்னேன். ரெண்டு நாள் பொறு, அண்ணன்கிட்ட நானே பேசறேன்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லலை."

பிரஷ்ஷோடு நின்ற முகம் அவள் கண்முன் வந்தது. அண்ணனிடம் போக பயந்து, முதலில் பெண்டாட்டியிடம் வந்திருக்கிறார். பெண்டாட்டி சட்டம் பேசியிருக்கிறாள்.

"எந்த இடம்?"

"அந்த மூட்டு வைத்தியக் கிளினிக். முட்டிவலிக்குப் பயிற்சி குடுப்பாங்களே."

அவள் மாமியார் வாரம் தவறாமல் போகிற கிளினிக். இன்றைக்குத்தான் போகிற நாள். காலையில் செருப்பை எடுத்துப் போட்டு வழியனுப்பியதே இவள்தான்.

ஸ்பானர் வாய் திறப்பதற்குள் போனை எடுத்து கிளினிக்கை அழைத்தாள். நேரம் வாங்குவதற்காக வைத்திருந்த எண்.

"உடனே லிஃப்ட்டை நிறுத்துங்க. லிஃப்ட் கம்பெனியிலிருந்துதான் பேசறேன். இந்த நிமிஷமே நிறுத்தணும்."

ரிசப்ஷன் பெண் நல்ல பெண். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "இதோ மேடம், மெயினை ஆஃப் பண்ணிடறேன்" என்று ஓடினாள். போனில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. கோச்சம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"நிறுத்தியாச்சு" என்றாள்.

"எப்படி நிறுத்தினீங்க?"

"மெயினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன்."

ஸ்பானர் ஓர் அடி முன்னால் வந்தார். "உள்ள யாராவது இருக்காங்களான்னு கேட்டீங்களா?"

அவள் கேட்கவில்லை.

"அய்யோ, கோச்சம்மா! கரண்ட் இருக்கறவரைக்கும் மோட்டாரும் சேர்ந்து பிடிக்கும். கரண்ட் போச்சுன்னா பிரேக் மட்டும்தான். அந்தப் பிரேக்தான் நழுவுதுன்னு இப்ப சொன்னேன்!"

அப்போது அவள் போன் அடித்தது. மாமியார்.

"ஏம்மா, நான் லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன். திடீர்னு நின்னுடுச்சு. லைட்டும் போயிடுச்சு. உன் வீட்டுக்காரனை அனுப்பறியா?"

இந்தக் கதையில் அவள் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள், சண்டை போட்டிருக்கிறாள். பயந்து நீங்கள் பார்த்ததில்லை. இப்போது பயந்தாள். "அத்தை, அசையாம இருங்க, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

மீட்டிங் ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். சின்னவர் எழுந்தார், எழுந்தவரால் நகர முடியவில்லை. பெரியவரோ பழக்கதோஷத்தில், "யார் சொன்னது?" என்றார்.

"நான் சொல்றேன் மாமா. நிறுத்தச் சொன்னதும் நான்தான். உள்ள அத்தை இருக்காங்க."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்தார்.

ஸ்பானர் ஓட்டினார். அண்ணனும் தம்பியும் பின்சீட்டில் இரண்டு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் கோச்சம்மா மாமியாரோடு போனில்.

"உள்ள எத்தனை பேர் அத்தை?"

"நாலு பேர். ஒரு பொண்ணு, கையில கட்டுப் போட்டிருக்கு. கூட அவ வீட்டுக்காரர். இன்னொருத்தர் நல்ல வாட்டசாட்டமா இருக்கார். வாட்ச்மேன் கதவைத் திறந்துட்டாரு. பாதி வாசல் தெரியுது. கீழ ஸ்டூல் போடறேன், ஒவ்வொருத்தரா குதிங்கன்னு சொல்றாரு."

"வேண்டாம்!" என்று ஸ்பானர் கத்தினதில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "எட்டு பேர் போற லிஃப்ட்டு. நாலு பேர் இருக்கறதால, கயிறோட மறுமுனையில தொங்கற வெயிட்டும் இந்தப் பெட்டியும் தராசு மாதிரி சமமா நிக்குது. ஒருத்தர் இறங்கினா பெட்டி லேசாகிடும், மேல போகும். இறங்கறவங்க பாதியில தொங்குவாங்க, கீழ திறந்த குழி. முக்கியமா அந்த வாட்டசாட்டத்தை விடாதீங்க!"

"மறுபடி கரண்ட் போட்டா?" என்று கேட்டாள், ஏதாவது ஒரு வழி இருக்காதா என்று.

"கதவு திறந்திருக்கு, ஓடாது. ஓடினாலும் நிக்கறப்போ அதே பிரேக்தானே? மேல மோட்டார் ரூம்ல கயிறுங்களை கிளாம்ப் போட்டுப் பிடிக்கணும். அப்புறம்தான் ஆள் இறங்கணும்."

அவள் சொன்னதை மாமியார் உள்ளே சொன்னார். "நான் குதிச்சிடுவேன், எனக்கு மூச்சு முட்டுது" என்று ஒரு ஆண் குரல் கேட்டது. "தம்பி, உக்காருப்பா, உன்னாலதான் எல்லாரும் நிக்கறோமாம்" என்று மாமியார் கெஞ்சினார்.

கிளினிக் வாசலில் வண்டி நின்றதும் சின்னவரும் ஸ்பானரும் வண்டியிலிருந்த கிளாம்ப்போடு மொட்டைமாடிக்கு ஓடினார்கள். பெரியவரும் அவளும் இரண்டாவது மாடியில் நின்றார்கள்.

லிஃப்ட் பெட்டி பாதி மேலே போய் நின்றிருந்தது. அதன் தரை பெரியவரின் மார்பு உயரத்தில். அந்தத் தரைக்குக் கீழே கன்னங்கரேலென்று குழி. மேலே நாலு ஜோடிக் கால்கள். வீங்கிய முட்டிகளும் நீலச் செருப்பும் அம்மாவுடையவை.

"வந்துட்டியாப்பா?" என்றார் அம்மா குனிந்து.

"வந்துட்டேன்மா." பெரியவர் கையை நீட்டினார். செருப்போடு சேர்த்து அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. பெரியவரின் போனில் சின்னவர் குரல் வந்தது. "அண்ணா, கிளாம்ப் போட்டாச்சு."

"சரியா இருக்கா?"

"சரிண்ணா."

பெரியவர் பெருமூச்சு விட்டார். "அம்மா, மெல்ல உக்காரு. காலைத் தொங்கப் போடு. நான் தாங்கிக்கறேன்." அம்மா முனகிக்கொண்டே பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். இரண்டு கால்களும் வெளியே தொங்கின.

கோச்சம்மாவுக்குக் காதில் அந்தச் 'சரிண்ணா'தான் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் காலையில் கேட்கிற அதே ராகம். கிளாம்ப் சரியாக இருந்தாலும் சரிண்ணாதான். இல்லாவிட்டாலும் சரிண்ணாதான். பெற்ற தாய் தொங்கும்போது பொய் சொல்வாரா? வேண்டுமென்று சொல்ல மாட்டார். ஆனால் இந்த மனிதருக்கு அண்ணன் கேட்டால் வாய் தானாக அந்த வார்த்தையைச் சொல்லிவிடும். அவரோடு குடித்தனம் செய்கிறவளுக்குத் தெரியாதா?

"மாமா, இருங்க! இறக்காதீங்க. கேள்வியை மாத்திக் கேளுங்க."

"இப்ப வந்து கிளாஸ் எடுக்கறியா?" பெரியவர் சீறினார்.

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன் மாமா. சரியான்னு கேக்காதீங்க. எது சரியில்லைன்னு கேளுங்க. அதை அவர் செய்ய வேண்டாம், நீங்களே வந்து செய்யறதா சொல்லுங்க."

பெரியவர் அவளை முறைத்தார். அப்புறம் கையிலிருந்த பாதங்களைப் பார்த்தார். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேச ஆரம்பித்தபோது அவருக்கே அது வேறு யாரோ பேசுவது போல இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, எது சரியில்லை? சொல்லு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் மேல வந்து செய்யறேன். சொல்லு மட்டும்."

அம்மாவின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"அண்ணா..." சின்னவர் அழுகிறார் என்று கோச்சம்மாவுக்குத் தெரிந்தது. "ஒரு பக்கம் பிடிக்கலைண்ணா. போல்ட்டு கடைசி வரை ஏறலை. ஸ்பானர் அண்ணன் தம் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்காரு. தாங்கும்னு நினைச்சேன். இறக்காதே. யாரையும் இறக்காதே."

"அம்மா, உள்ள போ!"

முட்டி மடங்கவில்லை. பெரியவர் கீழிருந்து கால்களைத் தூக்க, அந்த வாட்டசாட்டமான மனிதர் அக்குளில் கைகொடுத்துப் பின்னால் இழுத்தார். அந்த நேரத்தில் பெட்டி ஒரு விரல் அளவு மேலே எழும்பி நின்றது. உள்ளே எல்லோரும் ஒரே குரலாக அலறினார்கள். வெளியே கோச்சம்மாவும் அலறினாள். ஒரு நீலச் செருப்பு நழுவிக் குழிக்குள் போய், நேரங்கழித்துச் சத்தம் கேட்டது.

பெரியவர் தன் கைகளைப் பார்த்தார். கைகள் இரண்டும் இருந்தன. "அம்மாவைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் படியில் ஓடினார். அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

இப்போது வாசலில் அவள் மட்டும். மாமியார் பெட்டித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க அத்தை. பெரியவர் மொட்டைமாடிக்குப் போயிருக்காரு."

"உன் வீட்டுக்காரனைத் திட்டாதேம்மா." மாமியார் மெல்லச் சொன்னார். "அவன் என்கிட்ட சொன்னான்."

"என்ன சொன்னார்?"

"காலையில நான் கிளம்பறப்போ. 'அம்மா, இன்னைக்கு அந்த லிஃப்ட்டுல போகாதே, படியேறிப் போ'ன்னு காதுல சொன்னான். முட்டி எங்க விடுது? ரெண்டு படி ஏறிப் பார்த்தேன், முடியலை."

"கீழயே இருந்திருக்கலாமே அத்தை! லிஃப்ட் சரியில்லைன்னு அங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்வேன்? பெரியவன் கம்பெனி லிஃப்ட்டாச்சே. அம்மாவே குறை சொல்லிட்டாள்னு ஆயிடாதா?" அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். இருந்தாலும் தனியா ஏற பயமா இருந்துச்சு. அதான் கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு நின்னேன்."

பெட்டிக்குள் அசைவு தெரிந்தது. கையில் கட்டுப் போட்ட பெண் குனிந்து மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அவள் கோபப்படக்கூட இல்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

"அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மேலேயிருந்து இன்னும் ஒரு குரலும் வரவில்லை.

"நாங்க படியிலதான் போயிருப்போம்" என்றாள் அந்தப் பெண். "நீங்கதானேம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, வாங்க வாங்கன்னு எங்களைக் கூப்பிட்டீங்க?"